ஒரே மெயில் அக்கவுண்ட், நாலு டிவைஸ்: எல்லாத்துலயும் ஒரே மாதிரி வச்சுக்கறது எப்படி

போன்ல டெலீட் பண்ணின மெயில் லேப்டாப்ல அப்படியே உக்காந்திருக்கும், லேப்டாப்ல இருந்து அனுப்பின பதில போன்ல தேடினா இருக்காது, காலைலயே படிச்சு முடிச்ச மெயிலுக்கு டேப்லெட் சாயங்காலம் புதுசா வந்த மாதிரி சத்தம் போடும். இதுல ஒண்ணாவது உங்களுக்கு நடக்குதுன்னா போன் மாத்தினாலும் சரியாகாது, ஆப் மாத்தினாலும் சரியாகாது, பெரும்பாலும் செட்டிங்ஸ்ல ரெண்டு மூணு இடத்துல கை வைக்கணும், அவ்வளவுதான். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்காந்தா முடிஞ்சுரும்.

அடிப்படை என்னன்னா, உங்க மெயில் இருக்கற இடம் சர்வர். போன்லயும் லேப்டாப்லயும் நீங்க பாக்கறது அதோட நகல். அதனால படிச்சது படிக்காதது, ஃபோல்டர், வர்ற மெயில தானா பிரிக்கற ஃபில்டர், டெலீட், அனுப்பினது எல்லாமே சர்வர்ல பதியற மாதிரி வச்சா எந்த டிவைஸ்ல திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும், ஒரு டிவைஸ்குள்ள மட்டும் பண்ற ஒழுங்கு அந்த டிவைஸ தாண்டாது. மெயில் குழம்பிப் போச்சுனு யார் வந்து கேட்டாலும் நான் திருப்பி கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், நீங்க சொல்ற அந்த விஷயம் சர்வர்ல நடந்துச்சா டிவைஸ்ல நடந்துச்சா. பாதி பிரச்சனை அதுக்கு பதில் தேடும்போதே புரிஞ்சுரும்.

பாப்பா ஐமேப்பா, முதல்ல அத பாருங்க

மெயில் ஆப்புக்கும் சர்வருக்கும் நடுவுல பேசறதுக்கு ரெண்டு பழைய முறை இருக்கு. பாப் வந்தது 1984ல, அப்ப ஒரு ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலே பெரிய விஷயம், அதனால சர்வர்ல இருந்து மெயில இறக்கி இங்க வச்சுக்கோ, அங்க அழிச்சுடுங்கறதுதான் அதோட யோசனை. ஐமேப்ப மார்க் கிறிஸ்பின்னு ஒருத்தர் 1986ல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில உருவாக்கினார், அதுல மெயில் சர்வர்லயே இருக்கும், ஆப் அத போய் பாத்துட்டு நீங்க பண்றத சர்வர்ல குறிச்சு வைக்கும். படிச்சாச்சு, பதில் போட்டாச்சு, ஸ்டார் போட்டாச்சு, அழிக்கணும், இது டிராஃப்ட், இப்படி ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு சின்ன குறி. அந்த குறிதான் எல்லா டிவைஸுக்கும் போய் சேருது. பாப்ல இந்த குறியே கிடையாது, ஃபோல்டரும் கிடையாது, இன்பாக்ஸ் மட்டும்தான்.

ஸோ நாலு டிவைஸ் இருக்கற வீட்டுல ஒரு டிவைஸ் பாப்ல இருந்தா போதும், மொத்த குழப்பத்துக்கும் அது ஒண்ணே காரணமா இருக்கலாம். பெரும்பாலும் பழைய டெஸ்க்டாப்தான் குற்றவாளி, பல வருஷம் முன்னாடி யாரோ செட் பண்ணி கொடுத்திருப்பாங்க, அது பாட்டுக்கு மெயில இழுத்துட்டு இருக்கும். சில புரோகிராம்ல சர்வர்ல ஒரு காப்பி விட்டுவை, 14 நாள் கழிச்சு எடுத்துடுன்னு ஒரு டிக் இருக்கும், அது இருந்துச்சுன்னா இன்னும் மோசம், ஏன்னா ரெண்டு வாரம் வரைக்கும் எல்லாம் சரியா இருக்கற மாதிரி தெரியும், அப்புறம் போன்ல பழைய மெயிலா மறைஞ்சுட்டே வரும், ஆள் தலைய பிச்சுக்குவார்.

கண்டுபிடிக்கறது சுலபம். மெயில் புரோகிராம்ல அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய் இன்கமிங் சர்வர்னு இருக்கற இடத்த பாருங்க. டைப்புனு பக்கத்துல ஐமேப்புனு இருந்தா சரி, பாப்னு இருந்தா மாத்தணும். டைப் எழுதலன்னா போர்ட் நம்பர பாருங்க, 993ன்னா ஐமேப், 995ன்னா பாப். 143, 110ன்னு இருந்தா அதுவும் அதே வரிசைல ஐமேப், பாப்தான், ஆனா அது ரெண்டும் பழைய போர்ட், வேற ஏற்பாடு இல்லன்னா மெயில் பூட்டு இல்லாம போகும், அதயும் சேர்த்து 993க்கு மாத்திடுங்க. அனுப்பறதுக்கு 465 இல்லன்னா 587.

இங்க ஒரு எச்சரிக்கை, இத மட்டும் அவசரப்பட்டு பண்ணாதீங்க. பாப் அக்கவுண்ட ஐமேப்பா அப்படியே மாத்த முடியாது, அதே அட்ரஸ ஐமேப்பா புதுசா ஆட் பண்ணணும். பழைய பாப் அக்கவுண்ட உடனே நீக்கிட்டீங்கன்னா அந்த கம்ப்யூட்டர்ல மட்டும் இருந்த பழைய மெயில் எல்லாம் அதோட சேர்ந்து போயிட வாய்ப்பு இருக்கு, சர்வர்ல காப்பி இருக்காது, திருப்பி எடுக்க வழியே இல்ல. அதனால ரெண்டு அக்கவுண்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு, ஐமேப் பக்கம் 'பழசு'னு ஒரு ஃபோல்டர் போட்டு, பாப் பக்கம் இருக்கற மெயில செலக்ட் பண்ணி அதுக்குள்ள காப்பி பண்ணுங்க. தண்டர்பேர்டு, அவுட்லுக்னு கம்ப்யூட்டர்ல ஓடற மெயில் புரோகிராம் ரெண்டுலயும் இது நடக்கும். ஒரே அடியா பத்தாயிரம் மெயில தூக்கிப் போட்டா நடுவுல நின்னு எது போச்சு எது போகலன்னு தெரியாம திண்டாடணும், வருஷம் வருஷமா பிரிச்சு அனுப்புங்க. எல்லாம் ஏறினதுக்கு அப்புறம் பிரவுசர்ல லாகின் பண்ணி கண்ணால பாத்துட்டு, சும்மா நாலு மெயில திறந்து அட்டாச்மெண்ட் வரைக்கும் சரியா இருக்கான்னு பாத்துட்டு, அதுக்கு அப்புறம்தான் பாப் அக்கவுண்ட நீக்கணும்.

மைக்ரோசாஃப்ட்ல ஓடற ஆபீஸ் மெயிலா இருந்தா கதை கொஞ்சம் வேற. போன்ல ஆட் பண்ணும்போது எக்ஸ்சேஞ்ச் இல்ல மைக்ரோசாஃப்ட் 365ன்னு இருக்கறத தேர்ந்தெடுங்க, 'அதர்'னு போய் கையால சர்வர் பேர் அடிக்காதீங்க. அப்படி ஆட் பண்ணினா மெயிலோட சேர்ந்து காண்டாக்ட்ஸ், காலண்டர் எல்லாம் வரும். ஐமேப் மெயில தவிர எதையும் தூக்கிட்டு வராது.

அனுப்பின மெயில் எங்க போச்சு

எல்லாம் ஐமேப்தான், ஆனாலும் லேப்டாப்ல அனுப்பினது போன்ல தெரியலைங்கறது அடுத்த புகார். சர்வர்ல ஃபோல்டர் லிஸ்ட் மொத்தமும் திறந்து பாருங்க, 'சென்ட்'னு ஒண்ணு, 'சென்ட் ஐட்டம்ஸ்'னு ஒண்ணு, 'சென்ட் மெசேஜஸ்'னு ஒண்ணு, மூணு இருக்கும். ஒவ்வொரு ஆப்பும் தனக்கு பிடிச்ச பேர்ல தானே ஒரு ஃபோல்டர் உருவாக்கி அனுப்பினத அதுல போட்டுக்கிட்டு இருந்திருக்கு. டிராஷும் அதே மாதிரிதான், 'டெலீடெட் ஐட்டம்ஸ்', 'டெலீடெட் மெசேஜஸ்', 'பின்'னு ஆளுக்கு ஒண்ணு. எது சென்ட் ஃபோல்டர், எது டிராஷ்னு சர்வரே ஆப்புக்கு சொல்ற ஏற்பாடு 2011ல வந்தாச்சு, ஆனா அதுக்கு முன்னாடி உருவான ஃபோல்டர் எல்லாம் அங்கயேதான் கிடக்கும், சில ஆப் இன்னிக்கும் அத கண்டுக்கறது இல்ல.

பிரவுசர்ல லாகின் பண்ணினா என்ன பேர் தெரியுதோ அதுதான் நெஜமான சென்ட் ஃபோல்டர்னு வச்சுக்கோங்க. அப்புறம் ஒவ்வொரு டிவைஸ்லயும் அந்த ஃபோல்டர கைகாட்டி விடணும். ஐபோன் மெயில் ஆப்னா செட்டிங்ஸ்ல அந்த அக்கவுண்டுக்குள்ள போய் கடைசில 'அட்வான்ஸ்டு', அதுல 'மெயில்பாக்ஸ் பிஹேவியர்ஸ்'னு டிராஃப்ட், சென்ட், டெலீடெட், ஆர்கைவ் நாலும் வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணுலயும் சர்வர்ல இருக்கற ஃபோல்டர டிக் பண்ணுங்க, 'ஆன் மை ஐபோன்' கீழ இருக்கறத டிக் பண்ணிடாதீங்க. தண்டர்பேர்டுல அக்கவுண்ட் செட்டிங்ஸ், 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்'. இத எல்லா டிவைஸ்லயும் முடிச்சதுக்கு அப்புறம் அனாதையா நிக்கற மத்த ரெண்டு சென்ட் ஃபோல்டர்ல இருக்கற மெயில நெஜமான ஃபோல்டருக்கு மாத்திட்டு காலி ஃபோல்டர அழிச்சிடுங்க. வரிசைய மாத்தி பண்ணினா, அதாவது முதல்ல அழிச்சுட்டு அப்புறம் செட்டிங் மாத்தலாம்னு போனா, நீங்க அழிக்க அழிக்க அந்த ஆப் திரும்ப திரும்ப உருவாக்கிட்டே இருக்கும்.

ஜிமெயில வேற புரோகிராம்ல வச்சிருக்கறவங்களுக்கு ஒரு துணுக்கு, ஜிமெயில் சர்வர் வழியா அனுப்பினாலே காப்பி தானா சென்ட்ல விழுந்துரும். உங்க புரோகிராமும் தனியா ஒரு காப்பி வைக்கணும்னு அவசியம் இல்ல, அந்த டிக்க எடுத்துவிடலாம்.

ஜிமெயில்ல டெலீட்டுனா எப்பவும் டெலீட் இல்ல

ஜிமெயில்ல ஃபோல்டரே கிடையாது, லேபிள்தான். ஒரு மெயிலுக்கு மூணு லேபிள் போடலாம், மெயில் என்னமோ ஒண்ணுதான். இன்பாக்ஸ்ங்கறதும் ஒரு லேபிள்தான், அத எடுத்துவிட்டா அதுக்குப் பேர் ஆர்கைவ், மெயில் 'ஆல் மெயில்'ல பத்திரமா இருக்கும். ஆனா ஐமேப் வழியா வர்ற ஆப்புக்கு லேபிள்னா புரியாது, எல்லாத்தயும் ஃபோல்டரா காட்டும், அதனால ஒரே மெயில் மூணு இடத்துல தெரியும், போதாததுக்கு 'ஆல் மெயில்'ல நாலாவது தடவ. டூப்ளிகேட்னு நினைச்சு ஒண்ண அழிக்கப் போய் நெஜமான மெயிலயே டிராஷுக்கு அனுப்பினவங்க நிறைய.

இதுக்கு ரெண்டு காரியம் பண்ணலாம். ஜிமெயில் பிரவுசர் செட்டிங்ஸ்ல 'லேபிள்ஸ்' டேப்ல ஒவ்வொரு லேபிளுக்கும் பக்கத்துல 'ஷோ இன் ஐமேப்'னு டிக் இருக்கும், 'ஆல் மெயில்', 'இம்பார்ட்டண்ட்' ரெண்டுக்கும் அத எடுத்துடுங்க. ஆப் வேகமாவும் ஆகும், ஒரே மெயில ரெண்டு மூணு தடவ இறக்கி டிஸ்க்கயும் அடைக்காது. ரெண்டாவது, 'ஃபார்வர்டிங் அண்ட் பாப் ஐமேப்' டேப்ல, ஆப்ல டெலீட் பண்ணினா ஜிமெயில் அத என்ன செய்யணும்னு கேட்டிருக்கும். ஆர்கைவ் பண்ணு, டிராஷுக்கு அனுப்பு, அப்பவே நிரந்தரமா அழி, இந்த மூணும் அங்க இருக்கும். நான் டிராஷுக்கு அனுப்புங்கறததான் சொல்லுவேன், டிராஷ்ல 30 நாள் இருக்கும், கை தவறினா எடுத்துக்கலாம். மூணாவத தொடவே தொடாதீங்க.

அதே மாதிரி ஐபோன் மெயில் ஆப்ல ஜிமெயில ஸ்வைப் பண்ணினா டெலீட் ஆகறதுக்கு பதிலா ஆர்கைவ் ஆகும், அதுவும் அதே 'அட்வான்ஸ்டு' பக்கத்துலதான் மாத்தணும், 'மூவ் டிஸ்கார்டட் மெசேஜஸ் இன்டு'ங்கற இடத்துல. டெலீட் பண்ணிட்டே இருக்கேன், ஸ்டோரேஜ் குறையவே இல்லன்னு சொல்றவங்கள்ல ஒரு கூட்டம் இந்த ஸ்வைப்பால மாட்டினவங்கதான். ஜிமெயில்ல இலவசமா கிடைக்கற 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் இல்ல, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துதான்.

டிராஷ் எவ்வளவு நாள் இருக்கும்ங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஜிமெயிலும் அவுட்லுக் டாட் காமும் 30 நாள், யாஹூ 7 நாள்தான். யாஹூக்காரங்க டெலீட் பட்டன்ல கொஞ்சம் நிதானமா கை வைங்க.

ஃபோல்டர் எத்தன வேணும்

கம்மியா வேணும். இருபது முப்பது ஃபோல்டர், அதுக்குள்ள சப் ஃபோல்டர்னு லேப்டாப்ல அழகா கட்டி வச்சிருப்பாங்க, ஆனா போன்ல கட்டைவிரலால அந்த லிஸ்ட ஸ்க்ரோல் பண்ணி மெயில நகத்தறதுக்கு யாருக்கும் பொறுமை கிடையாது. ரெண்டே வாரத்துல போன்ல படிச்சது எல்லாம் இன்பாக்ஸ்லயே குவியும், லேப்டாப்ல படிச்சது மட்டும் ஃபோல்டர்ல போகும். ஆறேழு ஃபோல்டர் வச்சா நீங்க ஃபாலோ பண்ணுவீங்க. பணம், பயணம், வேலை, வீட்டு விஷயம், ரசீது, அப்புறம் 'பதில் போடணும்', இவ்வளவு போதும். பேர் முன்னாடி ஒரு நம்பர் போட்டா எல்லா ஆப்லயும் ஒரே வரிசைல நிக்கும், ஏன்னா ஆப்புகள் பெரும்பாலும் பேர் வரிசைலதான் அடுக்கும்.

மிச்சம் எல்லாம் ஆர்கைவ், தேவைப்படும்போது தேடிக்கலாம். யார் அனுப்பினது, எந்த வருஷம், அட்டாச்மெண்ட் இருக்கா, எவ்வளவு பெருசுன்னு எல்லாம் பிரிச்சு தேட வசதி வந்தாச்சு, இன்னும் ஃபைல் அடுக்கற மாதிரி அடுக்கிட்டு இருக்கறது வீண் வேலைங்கறது என் அபிப்ராயம். இதுக்கு எதிரா சொல்றவங்களும் இருக்காங்க, வரி, கேஸ், ஆஸ்பத்திரி மாதிரி விஷயங்களுக்கு அவங்க சொல்றது சரிதான், அதுக்கு தனி ஃபோல்டர் வேணும்.

படிச்சத மறுபடி அன்ரீடா மாத்தி வச்சு, அதையே ஞாபகக் குறியா வச்சுக்கற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. ஒரு டிவைஸ்ல ஓகே, நாலு டிவைஸ்ல வேலைக்கு ஆகாது, எங்கயாவது ஒண்ணுல கை பட்டு திறந்துட்டா குறி போயிரும், அவ்வளவுதான் மறந்துருவீங்க. ஸ்டார் போடுங்க. ஸ்டார், ஃபிளாக் ரெண்டும் ஐமேப்ல ஒரே குறிதான், ஜிமெயில்ல போட்ட ஸ்டார் ஐபோன் மெயில்ல ஃபிளாகா தெரியும், தண்டர்பேர்டுல ஸ்டாரா தெரியும், நீங்களா எடுத்தாதான் போகும். ஸ்னூஸ், அதாவது மெயில இப்ப ஒளிச்சு வச்சு அப்புறமா திரும்ப காட்டச் சொல்றது, அப்படி இல்ல, எந்த கம்பெனி ஆப்ல ஸ்னூஸ் பண்ணினீங்களோ அந்த கம்பெனியோட ஆப்லயும் வெப்சைட்லயும்தான் அது ஒழுங்கா வேலை செய்யும், ஆப் கலந்து வச்சிருக்கறவங்க அத நம்பாதீங்க. கலர் கலரா லேபிள் ஒட்டறதும் அப்படித்தான், ஒரு ஆப்ல தெரியும் இன்னொண்ணுல தெரியாது.

இன்னொரு கண்ணி, லேப்டாப்ல 'லோக்கல் ஃபோல்டர்ஸ்', 'ஆன் மை மேக்', அவுட்லுக்ல தனி டேட்டா ஃபைல்னு சில இடம் தெரியும். பாக்க மத்த ஃபோல்டர் மாதிரியே இருக்கும், மெயில இழுத்து அதுல விட்டா சர்வர்ல இருந்து எடுத்து அந்த கம்ப்யூட்டர்ல வச்சுரும். போன்ல தேடி தேடி ஓஞ்சு போவீங்க. சர்வர்ல இடம் காலி பண்றதுக்கு வேணும்னே அங்க போடறதுன்னா சரி, தெரியாம போடக்கூடாது.

ஃபில்டர பிரவுசர்ல போடுங்க, ஆப்ல போடாதீங்க

இது ரொம்ப பேர் கவனிக்காத விஷயம். தண்டர்பேர்டுல ஒரு ஃபில்டர் போட்டா அது தண்டர்பேர்டு திறந்திருக்கும்போது மட்டும்தான் ஓடும். லேப்டாப் மூடி இருந்துச்சுன்னா பேங்க் மெயில், ஆஃபர் மெயில், எல்லாம் ஒண்ணா போன் இன்பாக்ஸ்ல வந்து கொட்டும், ஒவ்வொண்ணுக்கும் போன் அடிக்கும், ராத்திரி லேப்டாப் திறந்ததும் எல்லாம் சர்ருனு ஃபோல்டருக்கு ஓடும், போன்ல இப்பதானே இருந்துச்சு எங்க போச்சுன்னு முழிப்பீங்க. அவுட்லுக் டெஸ்க்டாப்ல போடற ரூல்ஸ்லயும் சிலது அந்த கம்ப்யூட்டர்ல மட்டும் ஓடற வகை, 'கிளையண்ட் ஒன்லி'னு பக்கத்துல எழுதியிருக்கும்.

பிரவுசர்ல லாகின் பண்ணி அங்க போட்ட ஃபில்டர் சர்வர்லயே ஓடும், மெயில் உள்ள வரும்போதே பிரிஞ்சுதான் வரும், உங்க டிவைஸ் எல்லாம் ஆஃப்ல இருந்தாலும். ஜிமெயில்ல ஃபில்டர் போடறது போன் ஆப்ல கிடையாது, கம்ப்யூட்டர் பிரவுசர்லதான். சர்ச் பாக்ஸ் வலது பக்கம் சின்னதா ஒரு ஐகான் இருக்கும், அத தட்டினா ஒரு ஃபார்ம் வரும், அனுப்பறவர் அட்ரஸ போட்டு 'கிரியேட் ஃபில்டர்' கொடுத்து, இன்பாக்ஸ்ல காட்டாத, இந்த லேபிள் போடுன்னு டிக் பண்ணுங்க, கீழ ஏற்கனவே வந்த மெயிலுக்கும் இத போடவான்னு கேக்கும், அதயும் டிக் பண்ணினா பழசும் சுத்தமாயிரும். அவுட்லுக் டாட் காம்ல செட்டிங்ஸ், 'மெயில்', 'ரூல்ஸ்'. அங்க 'ஸ்வீப்'னு இன்னொண்ணும் இருக்கு, இந்த ஆள்கிட்ட இருந்து வர்றதுல கடைசியா வந்தத மட்டும் வை, இல்ல 10 நாளுக்கு மேல பழசானத தூக்குன்னு சொல்லலாம், தினம் வர்ற செய்தி மெயிலுக்கு அருமையான வசதி. ஐகிளவுட் மெயிலுக்கும் வெப்சைட்ல ரூல்ஸ் இருக்கு.

மேக்லயோ தண்டர்பேர்டுலயோ ஏற்கனவே போட்ட பழைய ரூல்ஸ் இருந்தா நிறுத்திடுங்க. சர்வர் ஒரு பக்கம் பிரிக்க லேப்டாப் இன்னொரு பக்கம் பிரிக்கன்னு ஆளுக்கொரு பக்கம் இழுத்துட்டு இருந்தா எது எங்க போகும்னு பிரம்மாவுக்கே தெரியாது.

ஃபில்டர் போடறதுக்கு ஒரு குறுக்கு வழி. உங்க ஜிமெயில் பேருக்கும் அட் குறிக்கும் நடுவுல ஒரு பிளஸ் குறி போட்டு அதுக்கு அப்புறம் எந்த சொல்ல வேணாலும் எழுதலாம், மெயில் உங்களுக்குத்தான் வரும். கடைகள்ல அட்ரஸ் கேக்கும்போது பிளஸ் போட்டு 'ஷாப்'னு எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா, அந்த அட்ரஸுக்கு வர்றது எல்லாம் ரசீது ஃபோல்டருக்குப் போகணும்னு ஒரே ஃபில்டர் போதும். அவுட்லுக் டாட் காம்லயும் இது நடக்கும். சில வெப்சைட் மட்டும் பிளஸ் இருந்தா தப்பான அட்ரஸ்னு அடம் பிடிக்கும், அத ஒண்ணும் பண்ண முடியாது.

வேண்டாத மெயில ஃபில்டர் போட்டு ஒளிச்சு வைக்கறத விட நிறுத்தறது நல்லது. மொத்தமா மெயில் அனுப்பறவங்க ஒரே கிளிக்ல விலகற வசதி கொடுத்தே ஆகணும்னு ஜிமெயிலும் யாஹூவும் 2024ல கண்டிப்பாக்கினாங்க, அதனால அனுப்பினவர் பேருக்குப் பக்கத்துலயே 'அன்சப்ஸ்கிரைப்' தெரியும். ஜிமெயில் இடது பக்க மெனுல 'மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'னு மொத்த லிஸ்டும் ஒரே இடத்துல இருக்கு. நீங்க சேர்ந்த கடை, பேப்பர், ஆப் இதுக்கு மட்டும்தான் இது, யாருன்னே தெரியாத ஸ்பேமுக்குள்ள இருக்கற லிங்க்க தட்டி விலகப் போனீங்கன்னா இந்த அட்ரஸ்ல ஆள் இருக்காருன்னு நீங்களே காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும், அத ஸ்பேம்னு போட்டுட்டு நகருங்க.

சத்தம் எங்க வரணும்

மெயில் வந்தா நாலு டிவைஸும் சேர்ந்து கத்தணும்னு என்ன அவசியம். போன் ஒண்ணுல மட்டும் நோட்டிஃபிகேஷன் வைங்க, மத்ததுல ஆஃப். போன்லயும் எல்லா மெயிலுக்கும் வேண்டாம், ஜிமெயில் ஆப்ல முக்கியமானதுக்கு மட்டும்னு வைக்கலாம், ஆண்ட்ராய்டுல லேபிள் வாரியா கூட வைக்கலாம், ஐபோன் மெயில்ல விஐபினு குறிச்ச ஆளுங்களுக்கு மட்டும் வைக்கலாம்.

மெயில் லேட்டா வருதுங்கறது தனி பிரச்சனை. ஐபோன் மெயில் ஆப்ல ஜிமெயில் உடனுக்குடன் வராது, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவ போய் எடுத்துட்டு வர்ற 'ஃபெட்ச்'தான், 15 நிமிஷம், 30 நிமிஷம்னு வைக்கலாம். உடனே வேணும்னா ஜிமெயில் ஆப்பே போட்டுக்கோங்க. ஆண்ட்ராய்டுல லேட் ஆனா பேட்டரி செட்டிங்க பாருங்க, பின்னாடி ஓடற ஆப்ப போனே அமுக்கி வச்சிருக்கும், மெயில் ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்க.

போன்ல பழைய மெயில் இல்லன்னு பதற்றப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க, ஆண்ட்ராய்டு ஜிமெயில் ஆப்ல எத்தன நாள் மெயில் போன்ல இருக்கணும்னு ஒரு செட்டிங் இருக்கு, சாதாரணமா 30 நாள். அதுக்கு முந்தினது சர்வர்லதான் இருக்கு, நெட் இருந்தா தேடினா வரும். நெட் இல்லாத இடத்துக்குப் போறதுக்கு முன்னாடி டிக்கெட்ட தனியா சேவ் பண்ணிக்கோங்க.

கையெழுத்து, காண்டாக்ட்ஸ், பாதில நிக்கற டிராஃப்ட்

சிக்னேச்சர் ஐமேப்ல சிங்க் ஆகாது. ஜிமெயில் போன் ஆப்ல போடறது ஒண்ணு, பிரவுசர்ல போடறது வேற, தண்டர்பேர்டுல வேற. ஒரு தடவ எழுதி உங்களுக்கே மெயில் அனுப்பிட்டு ஒவ்வொரு டிவைஸ்லயும் அத காப்பி பண்ணி ஒட்டிடுங்க, ஐபோன்ல ஏற்கனவே இருக்கற 'ஐபோன்ல இருந்து அனுப்பியது'ங்கற வரியயும் அப்பவே தூக்கிரலாம். ரெண்டு மூணு அட்ரஸ் வச்சிருக்கறவங்க எந்த அட்ரஸ்ல இருந்து போகணும்னு ஒவ்வொரு டிவைஸ்லயும் டிஃபால்ட் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கோங்க, சொந்த அட்ரஸ்ல இருந்து ஆபீஸ் மெயில் போனா நல்லாருக்காது.

காண்டாக்ட்ஸுக்கு ஒரே வீடு வைங்க. ஒரு போன்ல பாதி கூகுள்ல, பாதி ஐகிளவுட்ல, மிச்சம் போன் மெமரிலன்னு சிதறிக் கிடந்தா லேப்டாப்ல டைப் பண்ணும்போது பழைய அட்ரஸ்தான் வந்து நிக்கும். ஒண்ண தேர்ந்தெடுத்து எல்லாத்தயும் அங்க கொண்டு போய்ட்டு, புதுசா சேக்கறதும் அங்கதான் சேரணும்னு டிஃபால்ட் மாத்திடுங்க.

டிராஃப்ட் சர்வர்ல சேவ் ஆகும், அதனால லேப்டாப்ல ஆரம்பிச்சு போன்ல முடிக்கலாம், ஆனா ரெண்டு டிவைஸ்லயும் ஒரே டிராஃப்ட திறந்து வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி எழுதினா ரெண்டு மூணு காப்பி ஆயிடும், எது கடைசின்னு தெரியாது. ஒண்ணுல மூடிட்டு இன்னொண்ணுல திறங்க. அவுட்பாக்ஸ் வேற, அது டிவைஸ்லதான் இருக்கும், நெட் இல்லாத நேரத்துல அனுப்பின மெயில் அங்கதான் காத்துட்டு இருக்கும், போன்ல மாட்டினது லேப்டாப்ல தெரியவே தெரியாது. முக்கியமான மெயில்னா சென்ட் ஃபோல்டர்ல விழுந்துச்சான்னு ஒரு பார்வை பாத்துடுங்க.

பூட்டும் காப்பியும்

டிவைஸ் கூடக் கூட வாசலும் கூடுது. கூகுள் அக்கவுண்ட்ல செக்யூரிட்டி பக்கத்துல 'யுவர் டிவைசஸ்'னு இருக்கும், எங்க எல்லாம் லாகின் ஆகி இருக்குன்னு காட்டும், வித்த போன், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் அதுல இன்னும் நின்னுட்டு இருக்கலாம், அங்க இருந்தே வெளிய தள்ளலாம். போன் தொலைஞ்சா முதல் வேலையும் இதேதான். பாஸ்வேர்டோட சேர்த்து போனுக்கு வர்ற கோடும் கேக்கற ரெண்டு கட்ட சரிபார்ப்பு போட்டு வைங்க, ஆனா அதோட பேக்கப் கோட தாள்ல எழுதி வீட்ல வைங்க, லாகின் கோட் வர்ற போனே தொலைஞ்சுட்டா வேற வழி வேணும்ல.

பழைய மெயில் புரோகிராம் திடீர்னு பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுதுன்னா உங்க ஞாபகத்த சந்தேகப்படாதீங்க. வெறும் பேர், பாஸ்வேர்டு மட்டும் கொடுத்து உள்ள வர்றத கூகுள் தனிநபர் அக்கவுண்டுகளுக்கு 2022லயே நிறுத்திருச்சு, அவுட்லுக் டாட் காம் 2024 செப்டம்பர்ல நிறுத்துச்சு. புரோகிராம அப்டேட் பண்ணிட்டு அக்கவுண்ட நீக்கி மறுபடி ஆட் பண்ணினா பிரவுசர் மாதிரி ஒரு விண்டோ வந்து லாகின் கேக்கும், அதுதான் இப்ப சரியான வழி. அது வராத பழைய புரோகிராமுக்கு கூகுள்ல ஆப் பாஸ்வேர்டுனு 16 எழுத்துல ஒண்ணு வாங்கலாம், அதுக்கு ரெண்டு கட்ட சரிபார்ப்பு ஆன்ல இருக்கணும். மெயின் பாஸ்வேர்ட மாத்தினா இந்த ஆப் பாஸ்வேர்டு எல்லாம் செல்லாம போயிரும், புதுசா வாங்கணும்.

கடைசியா, சிங்க் ஆகறது பேக்கப் ஆகாது. ஐமேப்ல ஒரு டிவைஸ்ல அழிச்சா நாலுலயும் அழியும், அதுக்காகத்தானே இவ்வளவு செட் பண்ணினோம், குழந்தை டேப்லெட்ட வச்சு விளையாடி ஒரு ஃபோல்டர அழிச்சாலும் அதே கதிதான். கூகுள்ல 'டேக்அவுட்'னு ஒரு வசதி இருக்கு, மெயில மட்டும் டிக் பண்ணி கேட்டா மொத்தத்தயும் எம்பாக்ஸ் ஃபைலா இறக்கிக்கலாம், தண்டர்பேர்டுல திறந்து பாக்கவும் முடியும். மத்த கம்பெனி மெயிலுக்கு தண்டர்பேர்டுல அக்கவுண்ட போட்டு முக்கியமான ஃபோல்டர லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு காப்பி பண்ணுங்க, மூவ் இல்ல காப்பி, அத எக்ஸ்டர்னல் டிஸ்க்ல எடுத்து வைங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவ போதும். எப்பவோ ஆரம்பிச்சு மறந்து போன ரெண்டாவது ஜிமெயில் ஏதாவது இருந்தா அந்த சாக்குல அதுலயும் ஒரு தடவ லாகின் பண்ணிடுங்க, 2 வருஷம் ஆளே எட்டிப் பாக்காத அக்கவுண்ட கூகுள் அழிக்கலாம், பேங்க் அக்கவுண்டோட ரெக்கவரி மெயிலா அத கொடுத்து வச்சிருந்தீங்கன்னா அப்பதான் ஞாபகம் வரும்.